காற்பந்து ஆடும் இயந்திரங்கள்

பள்ளித் திடலில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டுச் சற்று எட்ட நின்று பார்த்த ஆசிரியர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். பந்து போகும் பக்கமெல்லாம் அத்தனை பிள்ளைகளும் ஒரே திரளாக ஓடுவர். கோல் காவலனாக நிறுத்தப்பட்டவன்கூடத் தன் இடத்தை மறந்து அத்திரளில் கலந்துவிடுவான். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகள் ஆடும்போது நிலைமை மாறியிருக்கும். ஒருவன் பந்தை நோக்கி ஓடுவான். மற்றொருவன் பந்து வரக்கூடிய இடத்தை நோக்கி ஓடுவான். வேறொருவன் ஓடாமல் தன் இடத்திலேயே நிற்பான். தான் நிற்பதும் ஆட்டத்தில் ஒரு பங்கே என்பதை அவன் அறிந்திருப்பான்.

இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? எந்த அறிவு அப்பிள்ளைகளுக்கு இடையில் வந்து சேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காணச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் கணினி அறிஞர் சிலர் ஒரு புதுமையான வழியைக் கைக்கொண்டனர். காற்பந்தை ரோபோக்களுக்குக் கற்பிக்கத் துணிந்தனர். அம்முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டுச் செய்தியாக மட்டும் இதனைக் கருதிவிடலாகாது. கற்றல், கற்பித்தல் என்னும் இரண்டையும் பற்றி நாம் சிந்திக்க வேண்டியவை இதில் பல உள்ளன.

சதுரங்கமும் காற்பந்தும்

இயந்திரத்திற்கு அறிவு உண்டாக்க முடியுமா என்று ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் சதுரங்கத்தையே உரைகல்லாகக் கொண்டிருந்தனர். அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், சதுரங்கம் ஆடுமாறு கணினியை அமைப்பது எப்படி என்பது குறித்து 1950-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன் பின்னர் நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1997-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் கணினி உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி ஆட்ட நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கு இருந்தது.

மனித அறிவை இயந்திர அறிவு வென்றுவிட்டது என்று அன்று பலரும் வியந்தனர். ஆயினும் அக்காட்சியில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கணினி தன் முடிவைக் கூறியதும், பலகையின் முன் அமர்ந்திருந்த ஒரு மனிதரே காயை எடுத்து நகர்த்தினார். உலக வீரரை வென்ற அந்தக் கணினிக்குப் பலகையைப் பார்க்கக் கண்ணும் இல்லை. காயைத் தொடக் கையும் இல்லை.

சதுரங்கத்திற்கும் காற்பந்துக்கும் உள்ள வேற்றுமையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார்; காற்பந்தில் எவரும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. சதுரங்கப் பலகையில் எல்லாக் காய்களும் கண்ணுக்குத் தெரியும். காற்பந்தாட்டக்காரனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நகர்த்திய காய் வைத்த இடத்தில் நிற்கும். உதைத்த பந்து எண்ணிய இடத்திற்குப் போகும் என்னும் உறுதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சதுரங்கத்தில் பதினாறு காய்களையும் நடத்துவது ஒரே மூளை. காற்பந்திலோ பதினொரு கால் இணைகளுக்குப் பதினொரு மூளைகள். அவை தனித்தனியே எண்ணியும் ஒன்றுபட்டு இயங்க வேண்டும். அறிஞர் பெருமக்கள் வியந்த சதுரங்கம் இயந்திரத்திற்கு எளிதாயிற்று. தெருப் பிள்ளைகள் ஆடும் காற்பந்து அரிதாயிற்று.

எண்ணம் தோன்றிய வரலாறு

காற்பந்து ஆடும் ரோபோக்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை, கனடா நாட்டு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் மேக்வர்த் 1992-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். கம்பியில்லாக் கருவியால் இயக்கப்படும் சிறு பொம்மைக் கார்களைக் கொண்டே அவருடைய குழுவினர் அவ்வாட்டத்தை ஆய்ந்து பார்த்தனர். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் தோக்கியோவில் கூடிய ஜப்பானிய அறிஞர்களும், செயற்கை அறிவுத் துறைக்கு அறைகூவலாக அமையத்தக்க பெரும்பணி யாது என்று ஆராய்ந்தபோது காற்பந்தைப் பற்றிப் பேசினர்.

1993-ஆம் ஆண்டு ஜப்பானில் காற்பந்து ஆர்வம் கரைபுரண்ட ஆண்டாகும். அந்நாட்டின் தொழில்முறைக் காற்பந்துப் போட்டியாகிய ஜே லீக் அவ்வாண்டு மே மாதத்தில் தொடங்கியது. அடுத்த மாதமே மினோரு அசாதா, யசுவோ குனியோஷி, ஹிரோவாகி கிதானோ முதலிய ஆய்வாளர்கள் ஒரு போட்டியை நடத்த முடிவு செய்து, அதற்கு 'ரோபோ ஜே லீக்' என்று பெயரிட்டனர். செய்தி பரவியதும், ஜப்பானோடு நின்றுவிடாமல் இதனை உலகப் போட்டியாக நடத்த வேண்டும் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் வேண்டினர். அவ்வாறே 'ரோபோகப்' என்னும் பெயர் தோன்றியது.

இதே காலத்தில், ஜப்பானிய மின்தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இட்சுகி நோடா என்பவர் கணினிக்குள்ளேயே ஓர் ஆட்டத்திடலை உருவாக்கினார். இரும்பும் மோட்டாரும் வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவனும் ஒரு கணினி கிடைத்தால் தன் குழுவைக் களத்தில் இறக்கலாம் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. 1995-ஆம் ஆண்டில் மான்ட்ரியால் நகரில் கூடிய அனைத்துலகச் செயற்கை அறிவு மாநாட்டில் இத்திட்டம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒசாக்காவில் ஒரு முன்னோட்டப் போட்டியும் நடைபெற்றது.

நகோயாவில் முதல் போட்டி

1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானின் நகோயா நகரில் முதல் ரோபோகப் போட்டி நடைபெற்றது. காஸ்பரோவ் தோற்று அப்போது மூன்று மாதங்களே ஆகியிருந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் கலந்துகொண்டன. ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்டு களித்தனர்.

போட்டி மூன்று பிரிவாக அமைந்திருந்தது. கணினிக்குள் நடக்கும் பாவனை ஆட்டம் ஒன்று. மேசைப் பந்து மேசையின் அளவுள்ள களத்தில், உள்ளங்கை அகலமேயுள்ள சிறு பொறிகள் கோல்ஃப் பந்தைத் தள்ளி ஆடும் ஆட்டம் மற்றொன்று. அரை மீட்டர் அகலமுள்ள சக்கரப் பொறிகள் பெரிய களத்தில் ஆடுவது மூன்றாவது. முதற் பிரிவில் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகக் குழுவும், இரண்டாவதில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழுவும் வென்றன. மூன்றாம் பிரிவில் ஒசாக்கா பல்கலைக்கழகக் குழுவும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகக் குழுவும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன.

சிறு பொறிகளின் ஆட்டத்தில் களத்திற்கு மேலே ஒரு கேமரா பொருத்தப்பட்டிருந்தது. அது காணும் காட்சியைக் கொண்டு, களத்துக்கு வெளியே இருந்த கணினி எல்லாப் பொறிகளையும் நடத்தியது. பெரிய பொறிகளுக்கு இவ்வுதவி இல்லை. அவை தாம் சுமந்த கேமராவைக் கொண்டே பந்தைத் தேட வேண்டும். இதற்காகப் பந்துக்குச் செம்மஞ்சள் நிறமும், கோல்களுக்கு நீலமும் மஞ்சளும் பூசினர். ஆய்வுக்கூடத்து ஒளியில் செம்மஞ்சளாகத் தோன்றிய பந்து, அரங்க விளக்கின் ஒளியில் வேறு நிறமாகத் தோன்றினால் பொறி திகைத்து நின்றுவிடும். நாம் நொடிப்பொழுதில் செய்யும் 'பார்த்தல்' என்னும் செயல் எத்துணைக் கடினமானது என்பதை அப்பொறிகள் உணர்த்தின.

குழு என்பது யாது?

பந்தைக் காண்பதும் உதைப்பதும் ஒருவாறு கைவந்த பின்னர், கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட சிக்கல் தலைகாட்டியது. பந்தைத் துரத்து என்று ஒவ்வொரு பொறிக்கும் கட்டளையிட்டால், எல்லாப் பொறிகளும் பந்தின் மேல் சென்று மோதிக்கொள்ளும். ஏழு வயதுப் பிள்ளைகள் நின்ற அதே இடத்தில் இயந்திரங்களும் வந்து நின்றன.

நோடா அமைத்த பாவனைத் திடல் இதனை ஆராய மிகவும் ஏற்றதாக இருந்தது. அங்கே பதினொரு ஆட்டக்காரர்களும் பதினொரு தனித்தனி நிரல்கள். ஒவ்வொருவருக்கும் தன் முகத்துக்கு நேரே உள்ள பகுதியே தெரியும். தொலைவில் உள்ளது மங்கலாகத் தெரியும். ஓடினால் களைப்பு உண்டாகும். ஒருவர் மற்றவரிடம் கூவிச் சொல்லலாம், ஆனால் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருப்பவர்க்கே அது கேட்கும், எதிரிக்கும் கேட்கும். இவற்றுக்கிடையே, ஒரு விநாடியைப் பத்துக் கூறாக்கினால் ஒவ்வொரு கூறிலும் ஒரு முடிவு செய்தாக வேண்டும்.

கார்னகி மெலன் குழுவினராகிய பீட்டர் ஸ்டோனும் பேராசிரியை மானுவேலா வெலோசோவும் இதற்கு ஒரு விடை கண்டனர். மனித ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்குமுன் உடைமாற்றும் அறையில் கூடிப் பேசி, இன்ன நிலையில் இன்னவாறு ஆடுவோம் என்று உடன்பாடு செய்துகொள்வர் அல்லவா? அதுபோலவே அவர்கள் தம் நிரல்களுக்கும் ஒரு முன் உடன்பாட்டைப் புகட்டினர். அதன்படி, 'இடது பின்காவல்' என்பது ஒரு பணியின் பெயர். ஓர் ஆட்டக்காரனின் பெயர் அன்று. முன்னே சென்றவன் திரும்பி வரும்வரை அவன் விட்ட பணியை மற்றொருவன் ஏற்கலாம். குழு பின்தங்கி, நேரமும் குறைந்துவிட்டால், எவரும் எவரையும் கேளாமலே எல்லாரும் தாக்குதல் முறைக்கு மாறலாம். பேச முடியாத நேரத்தில் பேசாமலே ஒன்றுபடுவதற்கு வேண்டியதை, பேச முடிந்த நேரத்தில் பேசி வைத்துக்கொள்வதே இம்முறையின் உயிர்நாடி.

பயன் வியப்பூட்டுவதாக இருந்தது. பாவனைப் பிரிவில் இக்குழு 1998-இல் பாரிஸ் நகரில் தன் ஆட்டங்கள் அனைத்திலுமாக 66 கோல்கள் போட்டது. ஒரு கோலும் வாங்கவில்லை. 1999-இல் ஸ்டாக்ஹோமில் 110 கோல்கள் போட்டது. அப்போதும் ஒன்றும் வாங்கவில்லை.

இதற்குப் பின்னர் நிகழ்ந்ததே நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வளவு வலிமை பெற்ற குழு தன் வித்தையை மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. தன் நிரலில் பந்தை அடக்குதல், உதைத்தல் முதலிய அடிப்படைப் பகுதிகளை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டது. போர்த்துகல் நாட்டு ஆய்வாளர்கள் அதனை எடுத்து, அதன் மேல் தங்கள் சொந்தக் கருத்துகளை அமைத்து, 2000-ஆம் ஆண்டில் மெல்பர்னில் வாகை சூடினர். கற்றதை மறைக்கும் ஆசான் தன் காலத்தோடு முடிந்துவிடுவான். ஈந்தவன் அடுத்தவன் வெற்றியிலும் வாழ்வான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

ஊன்றுகோல்களை விலக்குதல்

மற்ற விளையாட்டுகளின் விதிகள் பல்லாண்டுகள் மாறாமல் இருக்கும். ரோபோகப் விதிகளோ அடிக்கடி மாறும். ஆட்டக்காரர்கள் ஒரு படியில் தேறியதும், நடத்துவோர் அவர்களுக்குத் துணையாக இருந்த ஒன்றை எடுத்துவிடுவர். இதுவே இப்போட்டியின் தனித்தன்மை.

1999-இல் சோனி நிறுவனத்தின் 'ஐபோ' என்னும் நான்கு கால் நாய்ப்பொறிகள் ஆடும் பிரிவு முறையாகத் தொடங்கியது. இதில் எல்லாக் குழுவினருக்கும் பொறி ஒன்றே. நிரல் மட்டுமே வேறு. ஒரே வினாத்தாளை எல்லா மாணவரும் எழுதுவது போன்றது இது. தாம் நிற்கும் இடத்தை அப்பொறிகள் அறிந்துகொள்வதற்காகக் களத்தின் ஓரத்தில் பல வண்ணத் தூண்கள் நடப்பட்டிருந்தன. நாளடைவில் அத்தூண்கள் நீக்கப்பட்டன. சோனி நிறுவனம் 2006-இல் ஐபோ தயாரிப்பை நிறுத்தவே, 2008 முதல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று செய்த 'நாவ்' என்னும் இரு கால் இயந்திர மனிதன் அவ்விடத்தைப் பெற்றது.

2012-ஆம் ஆண்டு இப்பிரிவில் இரண்டு கோல்களுக்கும் ஒரே மஞ்சள் நிறம் பூசப்பட்டது. சிறு மாற்றமாகத் தோன்றும் இது பெருந்தொல்லை விளைத்தது. களத்தின் இரு பாதிகளும் இப்போது ஒன்றுபோலவே தோன்றின. விழுந்து எழுந்த பொறி, எந்தக் கோல் தன்னுடையது என்பதைக் கண்ணால் மட்டும் அறிய முடியாது. விழுமுன் எங்கே நின்றோம் என்பதை அது நினைவில் வைத்திருக்க வேண்டும். அல்லது தோழர்கள் சொல்லக் கேட்டுத் தெளிய வேண்டும். ஒரு நிறத்தை எடுத்துவிட்டதால் நினைவும் நட்பும் தேவையாயின. 2015-இல் கோல்கள் உண்மைக் காற்பந்தில் உள்ளவை போல் வெள்ளையாயின. 2016-இல் செம்மஞ்சள் பந்து போய்க் கறுப்பு வெள்ளைப் பந்து வந்தது.

2002-இல் ஃபுக்குவோக்காவில் தொடங்கிய இயந்திர மனிதப் பிரிவிலும் இதே நெறிதான். தட்டையான விரிப்பின் மேல் நடக்கத் தெரிந்துகொண்ட இயந்திர மனிதர்களை 2015-இல் செயற்கைப் புல்லின் மேல் நடக்கவைத்தனர். முந்திய ஆண்டு நன்கு நடந்தவை பல மீண்டும் தடுமாறின. பின்னர் தேறின.

களத்திற்கு வெளியே விளைந்த பயன்

பொம்மைகளின் ஆட்டத்தால் உலகுக்கு என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நேர்மையானதே. அதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு, ரஃபாயெல்லோ டி'ஆண்ட்ரியா என்பவர் தலைமையில் சிறு பொறிகளின் பிரிவில் பலமுறை வென்றது. பல பொறிகள் ஒன்றையொன்று மோதாமல் விரைந்து இயங்குவது எப்படி என்பதை அங்கே கற்ற அவர், பின்னர் கிடங்குகளில் சரக்கு அடுக்குகளைச் சுமந்து செல்லும் பொறிகளைச் செய்யும் கிவா நிறுவனத்தை மற்றிருவரோடு சேர்ந்து உருவாக்கினார். 2012-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் 77 கோடியே 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு அதனை வாங்கியது.

மற்றொன்று துயரத்திலிருந்து பிறந்தது. 1995-ஆம் ஆண்டு சனவரி 17-ஆம் நாள் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளுக்குள் சிக்கியோரைத் தேட ரோபோக்களைப் பயன்படுத்த முடியாதா என்னும் ஏக்கத்தால், 2001 முதல் ரோபோகப்பில் மீட்புப் பணிக்கான பிரிவும் நடைபெற்று வருகிறது.

பள்ளி மாணவர்க்கென ஒரு தனிப் பிரிவு 2000-ஆம் ஆண்டு மெல்பர்னில் தொடங்கியதையும் இங்குக் கூற வேண்டும். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்வுலகப் போட்டி நம் சிங்கப்பூருக்கே வந்தது. சன்டெக் மண்டபத்தில் அதனைக் கண்ட மாணவர் சிலர் இன்று பொறியாளராய் இருக்கக்கூடும்.

2050 என்னும் இலக்கு

ரோபோகப்பின் முன்னோடிகள் தொடக்கத்திலேயே ஓர் இலக்கை வகுத்துக்கொண்டனர். 2050-ஆம் ஆண்டளவில், மனிதர் உதவியின்றித் தாமே இயங்கும் இயந்திர மனிதர் குழு ஒன்று, உலகக் கிண்ணம் வென்ற மனிதர் குழுவை, அனைத்துலகக் காற்பந்து விதிகளின்படியே வெல்ல வேண்டும் என்பதே அது. ரைட் சகோதரர் பறந்த 1903-க்கும் மனிதன் நிலவில் நடந்த 1969-க்கும் இடையே அறுபத்தாறு ஆண்டுகளே சென்றன என்பதை எண்ணினால், இதனை வெறுங்கனவு என்று தள்ளிவிட முடியாது.

அண்மைக்கால முன்னேற்றமும் சிறிதன்று. ஒவ்வோர் அசைவையும் மனிதர் எழுதிக் கொடுப்பதற்கு மாறாக, இயந்திரம் தானே முயன்று, தவறி, பலனளித்ததைப் பற்றிக்கொண்டு கற்கும் முறை இப்போது வலுப்பெற்றுள்ளது. கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், அரை மீட்டர் உயரமுள்ள இயந்திர மனிதனுக்கு முதலில் கணினிப் பாவனையில் ஆடக் கற்பித்துப் பின்னர் உண்மைத் தரையில் இறக்கினர். மனிதர் எழுதிய கட்டளைகளின்படி நடந்த பொறியைவிட அது 181 விழுக்காடு விரைவாக நடந்தது. விழுந்து எழ அதற்கு 63 விழுக்காடு குறைந்த நேரமே போதுமானதாக இருந்தது.

எனினும் இலக்கு இன்னும் நெடுந்தொலைவில் உள்ளது என்பதையும் மறைத்தல் கூடாது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெய்ஜிங்கில், குழுவுக்கு மூவராக இயந்திர மனிதர் தாமே ஆடிய போட்டியில், விழுந்தவற்றுள் சிலவற்றைத் தூக்குக் கட்டிலில் வைத்து வெளியே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. மோதினாலும் விழாமல் ஓடுவதும், எதிரே வருபவனுக்குக் காயம் உண்டாக்காமல் பந்தைப் பறிப்பதும் இயந்திரம் இனிமேல் கற்க வேண்டியவை. உலோகத்தால் ஆன உடல் மனித உடலோடு மோதி ஆடுவது பாதுகாப்பாகுமா என்னும் கேள்விக்கும் விடை காணவேண்டும்.

2050-இல் யார் வெல்வார் என்பதை வருங்காலம் சொல்லட்டும். ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து இன்றே எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. தொடக்கத்தில் வண்ணத்தூண் கொடுத்தவர்களே உரிய காலத்தில் அதைப் பிடுங்கியும் எறிந்தார்கள். கொடாமல் இருந்திருந்தால் பொறிகள் தொடங்கியே இரா. எடாமல் இருந்திருந்தால் வளர்ந்தே இரா. நம் மாணவருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளையும் மாதிரி விடைகளையும் எந்த வகுப்பில் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். எந்த வகுப்பில் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மற்றொன்று, திடலில் ஓடாமல் தன் இடத்தில் நிற்கும் அந்தப் பிள்ளையைப் பற்றியது. பந்தைத் தொடாதவனை நாம் சோம்பேறி என்று கருதியிருப்போம். அவன் அவ்வாறு நிற்பதற்கு எத்தனை அறிவு வேண்டும் என்பதை அறிய, உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் முப்பது ஆண்டுகளாக உழைத்து வருகிறார்கள்.